கை வைத்துப் பார்த்தார்களா?

அகமதாபாத் வந்து பதினேழு வருஷம் ஆகுது. இந்த ஊர்ல எனக்குப் பயமான ஒரே தேதி ஜனவரி 16.

14-ஆம் தேதி உத்தராயண், 15-ஆம் தேதி வாசி உத்தராயண். நம்ம ஊர்ல பொங்கல் பொங்கிட்டிருக்கும்போது இங்க மொத்த ஊரும் மொட்டை மாடியில இருக்கும். ரெண்டு நாள், காலையிலிருந்து ராத்திரி வரைக்கும், தலையை அண்ணாந்து பட்டம் விடுவாங்க. சாப்பாடும் மாடியிலேயே. வருஷம் முழுக்க கம்ப்யூட்டரைப் பார்த்துக் குனிஞ்சே இருந்த கழுத்து, ரெண்டு நாள் வானத்தைப் பார்த்தா என்ன ஆகும்? 16-ஆம் தேதி காலையில என் கிளினிக் வாசல்ல செருப்பு விட இடம் இருக்காது. "பென், டோக் துக்கே சே." அக்கா, கழுத்து வலிக்குது. நான் இந்த ஊருக்கு வந்து முதல்ல கத்துக்கிட்ட குஜராத்தி வாக்கியம் அதுதான்.

நான் பிசியோதெரபிஸ்ட். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். கல்யாணம் ஆகி இங்க வந்தேன். இன்னைக்கு எழுதப் போறது என் தொழிலைப் பத்தின ஒரு புகார். புகார் யார் மேலன்னு கேட்டா, முதல்ல என் மேலதான்.

2023 ஜனவரி 16. வழக்கம்போலக் கூட்டம். அதுல ஒருத்தர், முப்பது வயசு இருக்கும், துணிக்கடையில வேலை. வலது பக்கம் கழுத்து பிடிச்சிருக்கு, திரும்ப முடியலைன்னு வந்தார். கையோட எக்ஸ்ரே கொண்டு வந்திருந்தார். கழுத்தெலும்போட இயல்பான வளைவு குறைஞ்சிருக்குன்னு ரிப்போர்ட். கழுத்து பிடிச்சிருக்கிற பாதிப் பேருக்கு அப்படித்தான் எழுதியிருக்கும். நான் ரிப்போர்ட்டைப் பார்த்தேன், நாலு கேள்வி கேட்டேன், சீட்டு எழுதினேன்: பத்து சிட்டிங், ஒத்தடம், கரண்ட் மெஷின், உடற்பயிற்சி. ஜூனியர் பொண்ணு சீட்டுல இருந்ததைச் சரியாச் செஞ்சா. பேட் ஒட்டறது, பதினஞ்சு நிமிஷம் டைமர் வைக்கிறது, அடுத்த பெட்.

பத்து சிட்டிங்கும் முடிஞ்சது. "வலி பரவாயில்ல, ஆனா அந்தப் பக்கம் ஏதோ கனமாவே இருக்கு"ன்னார். இன்னும் அஞ்சு எழுதினேன்.

அந்த வாரம் மாமியாருக்கு உடம்பு சரியில்லாம நான் ரெண்டு நாள் லீவு. எனக்குப் பதிலா மோட்டாபாய் வந்து உட்கார்ந்தார். மோட்டாபாய்னா குஜராத்தியில பெரியண்ணன். அறுபது வயசைத் தாண்டின பிசியோதெரபிஸ்ட். சின்ன வயசுலேயே பார்வை போனவர். அவரால எக்ஸ்ரே பார்க்க முடியாது. யாராவது ரிப்போர்ட்டைப் படிச்சுச் சொன்னாக்கூட "அப்புறம் கேக்கறேன்"னுட்டு, முதல்ல கையைக் கழுவி, தேய்ச்சுச் சூடு பண்ணிட்டு, "தொடலாமா பாய்?"னு கேப்பார்.

அந்தத் துணிக்கடைக்காரரோட கழுத்துல கை வெச்ச ஒரே நிமிஷத்துல அவருக்குத் தெரிஞ்சிருக்கு. சதைக்குப் பின்னாடி, காறை எலும்புக்கு மேல இருக்கிற பள்ளத்துல, கொண்டைக்கடலை மாதிரி மூணு நாலு நெறி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு. தொட்டா வலி இல்ல. சாயங்காலம் காய்ச்சல் வருதான்னு கேட்டார். வருதாம். எடை குறைஞ்சுதா? பேண்ட் லூஸ் ஆகுதாம். இதையெல்லாம் அவர் யார்கிட்டயும் சொல்லலை. கழுத்து வலிக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தம் இருக்கும்னு அவருக்கு எப்படித் தெரியும்? கேட்டிருக்க வேண்டியது நான்.

டாக்டர்கிட்ட அனுப்பினோம். ஊசி வெச்சு எடுத்துப் பார்த்ததுல டி.பி. நெறிக்கட்டியில வர்ற காசநோய். பழைய தமிழ்ல கண்டமாலைன்னு பேர். நுரையீரலுக்கு வெளிய டி.பி. வர்ற இடங்கள்ல ரொம்ப சாதாரணமான இடம் இதுதான். அரசாங்க மருந்து, இலவசம், ஆறு மாசம் சாப்பிடணும். பட்டம் விட்ட வலி பத்து நாள்ல தானாப் போயிருக்கும். மிச்சம் இருந்த கனத்துக்குத்தான் நான் கரண்ட் வெச்சுட்டிருந்தேன். நல்ல மனுஷன், ஒரு வார்த்தை கோவிச்சுக்கலை. அதுதான் இன்னும் உறுத்துது.

சரி, விஷயத்துக்கு வரேன். என் கருத்து இதுதான்: வலிக்கிற இடத்தைக் கையால தொட்டு, அது எந்தச் சதை, எந்த எலும்பு, இல்ல ரெண்டும் இல்லாத வேற ஏதாவதான்னு பார்க்காம யாரும் கழுத்துக்கோ முதுகுக்கோ சிகிச்சை ஆரம்பிக்கக்கூடாது. இதைக் கல்லூரியில ஒழுங்காச் சொல்லித் தரணும். நோயாளிகளும் இதைக் கேட்டு வாங்கணும்.

"என்னம்மா, எம்.ஆர்.ஐ. இருக்கிற காலத்துல..."ன்னு நீங்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு சொல்றேன். முதுகுவலியே இல்லாதவங்களை ஸ்கேன் பண்ணின ஆய்வுகளை எல்லாம் சேர்த்து 2015-ல ஒரு தொகுப்பு வந்தது. வலி இல்லாத 20 வயசுக்காரங்கள்ல 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிஞ்சுது. 80 வயசுல அது 96 சதவீதம். அதாவது படத்துல தேய்மானம் இருக்கறதாலேயே வலி அதனாலதான்னு சொல்லிட முடியாது. படம் அவசியமான நேரம் நிச்சயம் இருக்கு. ஆனா எங்க வலிக்குதுன்னு தெரியாம எடுத்த படம் நம்மளை வேற ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடும்.

இப்ப உங்க கையைக் கொஞ்சம் கடன் கொடுங்க. நகம் வெட்டியிருக்கா? நுனியால குத்தாதீங்க, விரலோட மெத்துப் பகுதியால தொடுங்க. அழுத்தம் கம்மியா இருந்தாத்தான் அதிகம் தெரியும். முதல் வருஷப் பசங்க எல்லாரும் பண்ற தப்பு, பரோட்டா மாவு மாதிரிப் பிசையறது.

முகத்தை இடது பக்கம் திருப்புங்க. வலது காதுக்குப் பின்னாடி இருக்கிற எலும்பு மேட்டுல இருந்து தொண்டைக்குழி வரைக்கும் சாய்வா ஒரு கயிறு எழும்புதா? அதுதான் ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்ட். பேர் பெருசா இருந்தாலும் அது வெறும் விலாசம்தான்: மார்பெலும்பு, காறை எலும்பு, காதுக்குப் பின் மேடு. வலது சதை முகத்தை இடது பக்கம் திருப்பும். இது புரியாம வலி இல்லாத பக்கத்துல பேட் ஒட்டினவங்களை நான் பார்த்திருக்கேன். இந்தக் கயிறுதான் கழுத்தை முன்பக்க முக்கோணம், பின்பக்க முக்கோணம்னு ரெண்டாப் பிரிக்குது. இதுக்கு முன்பக்கம் உள்ளே மூளைக்குப் போற பெரிய ரத்தக்குழாய் துடிக்கும். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல அழுத்தவே கூடாது. வயசானவங்க மயக்கம் போட்டுடுவாங்க.

பிறந்து சில வாரம் ஆன குழந்தைக்கு இந்தச் சதையில உருண்டையா ஒரு கட்டி வரலாம். தலை ஒரு பக்கமே சாஞ்சிருக்கும். வீட்டுல எல்லாரும் பதறிடுவாங்க. டாக்டர் பார்த்து வேற ஒண்ணும் இல்லைன்னு உறுதி பண்ணிட்டா, பெரும்பாலும் சரியான ஸ்ட்ரெச்சிங்லயே சரியாப் போயிடும். சீக்கிரம் கண்டுபிடிக்கணும், அவ்வளவுதான். அதுக்கும் கை வெச்சுத்தான் பார்க்கணும்.

அடுத்து தோளுக்கும் கழுத்துக்கும் நடுவுல, கையில பிடிச்சாச் சிக்கற சதை. ட்ரபீசியஸ். தோளைக் குலுக்கினா இறுகும். இது கழுத்தோட நிக்காது. பின்மண்டையில இருந்து கடைசி விலா எலும்பு சேர்ற முதுகெலும்பு வரைக்கும், ரெண்டு பக்கமும் சேர்த்துப் பார்த்தா அப்படியே ஒரு பட்டம் மாதிரி விரிஞ்சிருக்கும். (இந்த ஊர்க்காரங்களுக்கு இதைச் சொன்னா ஒரே குஷி.)

இந்த ரெண்டுக்கும் நடுவுல, காறை எலும்புக்கு மேல ஒரு பள்ளம் இருக்கில்லையா? அதுல மெதுவா விரலை வெச்சு மூச்சை நல்லா இழுங்க. அடியில ஏதோ விறைக்கும். ஸ்கேலீன் சதைகள். முதல் ரெண்டு விலா எலும்பையும் தூக்கிப் பிடிக்கிறது இதுங்க வேலை. கைக்குப் போற நரம்புக் கொத்து இந்தச் சதைகளுக்கு நடுவுலதான் இறங்குது. அழுத்தினா விரல் வரைக்கும் மின்சாரம் மாதிரி பாயும், அதனால விளையாடாதீங்க. நான் தவறவிட்ட நெறி இருந்ததும் இதே பள்ளத்துலதான்.

சதை முடிச்சுக்கும் நெறிக்கும் என்ன வித்தியாசம்? முடிச்சு சதையோட நார் வழியே நீளமா இருக்கும், சதையை இறுக்கினா அதோட சேர்ந்து இறுகும், அழுத்தினா வலிக்கும். நெறி தனியா உருளும், இல்ல கொத்தா ஒட்டியிருக்கும். சதைக்கு அடியில இருக்கிற கட்டி, சதையை இறுக்கினா விரலுக்குச் சரியா அகப்படாது. தொண்டை வலிக்கு நெறி கட்டறது சகஜம், தானாப் போயிடும். ஆனா ரெண்டு மூணு வாரத்துக்கு மேல இருந்தா, கெட்டியா நகராம இருந்தா, காறை எலும்புக்கு மேல குழியில இருந்தா, உடனே டாக்டர்கிட்ட போங்க. வயிற்றுல இருக்கிற புற்றுநோய்கூட இடது காறை எலும்புக்கு மேல ஒரு கட்டியாத் தலைகாட்டலாம்.

கழுத்துல கடைசியா ஒண்ணு. ரெண்டு கட்டைவிரலையும் பின்மண்டை எலும்புக்குக் கீழ பிடரியில வெச்சுக்கோங்க. தலையை அசைக்காம கண்ணை மட்டும் இடது, வலது ஓட்டுங்க. விரலுக்கு அடியில சின்னதா ஒரு துடிப்பு. மண்டைக்கும் முதல் ரெண்டு கழுத்தெலும்புக்கும் நடுவுல இருக்கிற குட்டிச் சதைகள். நாள் முழுக்க ஸ்கிரீன் பார்த்துட்டுப் பின்மண்டை வலிக்குதுன்னு சொல்றவங்களுக்கு இதைத் தொட்டுக் காட்டினா "இதேதான், இதேதான்"னு கத்துவாங்க.

இப்ப முதுகு. எழுந்து நின்னு, ரெண்டு கட்டைவிரலையும் இடுப்புக்கு மேல முதுகெலும்புக்கு ரெண்டு பக்கமும் வெச்சுக்கிட்டு மெதுவாக் குனியுங்க. ரெண்டு தடிச்ச கயிறு இறுகறது தெரியும். எரெக்டர் ஸ்பைனே. இன்னும் குனியுங்க. முழுசாக் குனிஞ்ச கடைசியில, நல்லா இருக்கிற முதுகுல அந்தக் கயிறு தளர்ந்துடும். பாரத்தைத் தசைநார்கள் ஏத்துக்கும். நாள்பட்ட முதுகுவலிக்காரங்க பலருக்கு அது தளராது, கடைசி வரைக்கும் காவல் காத்துட்டே இருக்கும். இதை எந்த எக்ஸ்ரேயும் காட்டாது.

அந்தக் கயிறோட வெளி ஓரத்துல, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல விரலை வெச்சு, அதே பக்க இடுப்பை மட்டும் மேல தூக்குங்க. உள்ள இறுகறது குவாட்ரேட்டஸ் லம்போரம். இடுப்புல குழந்தையைத் தூக்கி வெச்சுக்கிட்டே சமைக்கிற அம்மாக்கள்கிட்ட இதை ரொம்ப நேரம் தேடவே வேண்டாம். ஆனா அங்க அழுத்தினா வலி மாறலை, அசைஞ்சா மாறலை, அலை அலையா வருதுன்னா சதையை விட்டுட்டு சிறுநீரகத்தைப் பத்தி யோசிக்கணும்.

வயிறு. மல்லாக்கப் படுத்துத் தலையை மட்டும் தூக்குங்க. நடுவுல நேரா ரெண்டு பட்டை எழும்பும், சிக்ஸ் பேக்னு சொல்றாங்களே, அதேதான் (இருக்கு, உள்ள இருக்கு). பிரசவத்துக்கு அப்புறம் இந்த ரெண்டு பட்டைக்கும் நடுவுல இடைவெளி இருக்கும். ரெண்டு விரலுக்கு மேல போச்சுன்னா, "வயிறு இறங்கவே மாட்டேங்குது"ன்னு கண்டபடி எந்திரிச்சுப் படுத்து எக்சர்சைஸ் பண்றதுக்கு முன்னாடி ஒரு பிசியோவைப் பாருங்க.

இதே தலை தூக்கற விஷயத்தை வெச்சு 1926-லேயே கார்னெட்டுங்கிற டாக்டர் ஒரு எளிய சோதனை சொன்னார். வயிறு வலிக்கிற இடத்துல விரலை வெச்சுக்கிட்டுத் தலையைத் தூக்கச் சொல்லுங்க. சதை இறுகியும் வலி அப்படியே இருந்தா, இல்ல கூடினா, வலி பெரும்பாலும் வயித்துச் சுவர்ல. குறைஞ்சா, சதை கேடயம் மாதிரி மறைக்குது, பிரச்சினை உள்ள இருக்கலாம். சோதனைக்குச் செலவு பைசா கிடையாது. இத்தனை வருஷத்துல எத்தனை பேருக்கு இதை யாராவது செஞ்சு பார்த்திருக்காங்கன்னு கேட்டுட்டு வரேன். ரெண்டு கை விரலே போதும் எண்ண.

இப்ப எதிர்க்கட்சி. கை பொய் சொல்லாதான்னு கேட்டா, சொல்லும். நிறையவே சொல்லும். 2000-ல பிரிட்டன்ல ஒரு ஆய்வு. தினமும் முதுகுல ஊசி போடற மயக்க டாக்டர்களையே, இது எத்தனாவது இடுப்பெலும்பு இடைவெளின்னு கை வெச்சுச் சொல்லச் சொன்னாங்க. ஸ்கேன்ல சரிபார்த்தா 29 சதவீதம்தான் சரி. சதை முடிச்சு எங்க இருக்குன்னு ரெண்டு பிசியோகிட்ட கேட்டா, பல நேரம் ரெண்டு பதில் வரும். அதனால "என் கை பட்டா எல்லாம் தெரியும்"னு சொல்றவங்களை நம்பாதீங்க. அதுலயும் சலூன்ல முடி வெட்டி முடிச்சதும் தலையைப் பிடிச்சு 'டக்'குனு திருப்பறாங்களே, தயவுசெஞ்சு வேண்டாம்னு சொல்லிடுங்க. கழுத்தெலும்பு ஓட்டை வழியா மூளைக்குப் போற ரத்தக்குழாய் அந்தத் திருப்பல்ல கிழிஞ்சு பக்கவாதம் வந்த கேஸ்கள் மருத்துவத்துல பதிவாகியிருக்கு.

எங்க ஊர்ப் பக்கம் வர்ம ஆசான்கள் உண்டு. 108 வர்ம இடம்னு கணக்கு. அந்த மருத்துவம் எவ்வளவு சரின்னு வாதாட நான் வரலை. ஆனா சின்ன வயசுல சுளுக்குக்கு எங்க ஆச்சி கூட்டிட்டுப் போன ஆசான், பத்து நிமிஷம் ஒண்ணும் செய்யாம விரலால தேடிட்டே இருந்தது ஞாபகம் இருக்கு. எங்க தொடக்கூடாதுன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் எங்க தொடலாம்னு கத்துக்கணும்னு சொல்வார். அந்தப் பத்து நிமிஷம்தான் இன்னைக்குக் காணாமப் போச்சு.

ஏன் போச்சு? ஒண்ணு, காசு. மெஷின் வெச்சா ஒரே நேரத்துல ஆறு பெட் ஓடும். கைக்கு ஒரு பெட்தான். ரெண்டு, படிப்பு. உடற்கூறியலைப் படம் பார்த்து மனப்பாடம் பண்ணினா பாஸ் பண்ணிடலாம். 2020, 2021-ல கொரோனா சமயத்துல முதல் வருஷம் சேர்ந்த பசங்க பலர் சதையை ஸ்கிரீன்லதான் பார்த்தாங்க. அவங்க தப்பில்ல. ஆனா அப்புறமாவது கைக்குப் பழக்கம் கொடுத்தோமா? புத்தகத்துல இருக்கிற உடம்பு எப்பவும் ஒல்லியான, கொழுப்பில்லாத இளைஞன். கிளினிக்குக்கு வர்ற உடம்பு ஐம்பது வயசு, சர்க்கரை, தொண்ணூறு கிலோ. அதுல சதையைத் தேடறதுக்குத் தனியாப் பழகணும்.

மூணாவது, கூச்சமும் பயமும். இது நியாயமான பயம். தொடறேன்கிற பேர்ல அத்துமீறினவங்க எல்லாத் தொழில்லயும் இருக்காங்க. அதனால தொடாமலே இருந்துடலாம்னு முடிவெடுத்தா, நஷ்டம் நோயாளிக்குத்தான். துப்பட்டா விலக்கத் தயங்கி, சேலைக்கு மேலயே பேட் ஒட்டிட்டுப் போற வைத்தியத்தை நான் பார்த்திருக்கேன். என்ன செய்யப் போறேன், ஏன், எந்த இடம், எப்ப வேணா நிறுத்தச் சொல்லலாம்னு முதல்லயே சொல்லணும். துணி போர்த்திப் பார்க்கிற இடத்தை மட்டும் திறக்கணும். பெண்களுக்குக் கூட ஒருத்தர் இருக்கட்டும். வேண்டாம்னு சொன்னா வேண்டாம். மோட்டாபாய் நாற்பது வருஷமா ஒவ்வொரு தடவையும் "தொடலாமா?"ன்னு கேட்டுட்டுத்தான் தொடறார். அது எழுதி வெச்சா நாலு வரி, பழக நாலு வருஷம் ஆகும்.

பிசியோதெரபி உட்படப் பல துறைகளுக்கு 2021-ல தேசிய ஆணையச் சட்டம் வந்தது. பேருக்கு முன்னாடி என்ன போட்டுக்கலாம்கிற சண்டையில காட்டுற வேகத்துல பாதியை இதுல காட்டினா நல்லாருக்கும்: ஒவ்வொரு மாணவரும் குறைஞ்சது ஐம்பது வேற வேற உடம்புல கழுத்தும் முதுகும் தொட்டுப் பார்த்து, மூத்தவர் ஒருத்தர் பக்கத்துல நின்னு சரிபார்த்துக் கையெழுத்துப் போடணும். மெஷின் இயக்கற மார்க்கை விட இதுக்கு மார்க் கூட இருக்கணும். பார்வையில்லாத பிசியோக்கள் இதைச் சொல்லித் தர வந்தா இன்னும் நல்லது.

நோயாளிகளுக்கு ஒரே வேண்டுகோள். கழுத்து வலி, முதுகு வலின்னு போற இடத்துல ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துட்டு பெட்ல படுக்கச் சொன்னா, "கொஞ்சம் கை வெச்சுப் பாருங்க"ன்னு கேளுங்க. கேட்கிறதுல மரியாதைக் குறைவு ஒண்ணும் இல்ல. ராத்திரி வேர்வை, காய்ச்சல், எடை குறையறது, இதையும் யாரும் கேட்கலைன்னாலும் நீங்களே சொல்லிடுங்க.

என் கிளினிக்ல இப்ப ஒரு விதி. முதல் நாள் மெஷின் கிடையாது. முதல் பதினஞ்சு நிமிஷம் கைதான். வருமானம் கொஞ்சம் குறைஞ்சது, பொய் சொல்ல மாட்டேன். வீட்டுக்காரர் கணக்குப் பார்த்துட்டு ஒரு பெருமூச்சு விட்டார், அவ்வளவுதான்.

அந்தத் துணிக்கடைக்காரர் ஆறு மாசம் மருந்தை ஒரு நாள் விடாமச் சாப்பிட்டார். அடுத்த வருஷம், 2024 ஜனவரி 16 காலையில கூட்டத்துல நின்னுட்டிருந்தார். எனக்கு வயிறு கலங்கிப்போச்சு. கையைக் கழுவி, தேய்ச்சுட்டு, "தொடலாமா பாய்?"னு கேட்டேன். பள்ளத்துல ஒண்ணும் இல்ல. ட்ரபீசியஸ் மட்டும் கல்லு மாதிரி.

"எத்தனை பட்டம் பாய்?"

"பதினேழு அறுத்தேன், பென்."